புல்தரைப் பராமரிப்பு வேலை எடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லையில் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் வீடுகளிலோ கங்கைகொண்டான் சிப்காட் வளாகங்களிலோ புல்தரை பராமரிக்க ஒரு பிரஷ் கட்டரும் (புல் வெட்டும் கைக்கருவி) இரண்டு ஆட்களும் போதும் என்று இறங்குகிறவர்கள் முதலில் பதிவுச் சான்றிதழுக்குத்தான் ஓடுகிறார்கள். அது எளிய வேலை. ஆளுக்குக் காயம் படும்போதும் மருந்து அடிக்கும்போதும்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"தினக்கூலிதானே, நமக்கென்ன பொறுப்பு" என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வேலை நேரத்தில் பாம்பு கடித்தாலும் பிளேடு பட்டாலும் இழப்பீடு தரவேண்டியது வேலைக்கு வைத்தவர். பழைய 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் சரி, இதுதான் நிலை. 30 வயது ஆள், மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறந்துபோனால் கூலியில் பாதி 7,500. அதை, சட்டத்தின் அட்டவணையில் அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். புதிதாகத் தொடங்கிய யாராலும் கைக்காசிலிருந்து இதைக் கட்ட முடியாது. ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டின் 2 லட்சம் அந்தக் குடும்பத்துக்கு உதவும், ஆனால் உங்கள் கடமையைத் தீர்க்காது. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைத் தனியாக எடுங்கள். பிரீமியத்தைக் குறைக்க ஆறு பேரை இரண்டு பேர் என்று எழுதாதீர்கள். க்ளெய்ம் வரும்போது அதுதான் முதலில் காலை வாரும். வேலையின் தன்மை என்ற இடத்தில் புல் வெட்டுதல், மருந்து தெளித்தல் இரண்டையும் குறிப்பிடுங்கள். மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பத்துப் பேரை எட்டினால் இ.எஸ்.ஐ. என்ற அரசின் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும்.

அடுத்தது களைக்கொல்லி. கோரையை ஒழிக்க உரக்கடையில் கிளைபோசேட் வாங்கி வாடிக்கையாளர் தோட்டத்தில் அடிப்பது இங்கே சர்வ சாதாரணம். அது சட்டப்படி தவறு. 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கணக்கில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லிதான். கூலிக்கு அடுத்தவர் இடத்தில் தெளிப்பவருக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் தேவை. கிளைபோசேட்டை உரிமம் பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அக்டோபர் 2022-ல் மத்திய அரசு தனியாகவே ஆணையிட்டது. உரிமத்துக்கு வேளாண் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ, அதோடு அங்கீகரித்த நிறுவனத்தின் பயிற்சிச் சான்றும் வேண்டும். அது இல்லாதவர்கள் மருந்து வேலையை உரிமம் உள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது. அல்லது களைக்கொத்தால் கோரையைக் கிழங்கோடு கிளறி எடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் உரிமமில்லாமல் அடித்து பக்கத்து வீட்டு ஆடு செத்தால் எந்தக் காப்பீடும் கைகொடுக்கும் என்று நம்பவேண்டாம்.

பிரஷ் கட்டர் தெறிக்கவிடும் கல் காரின் கண்ணாடியை உடைக்கும், வழியே போகிறவர் கண்ணையும் பறிக்கும். சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. இதற்கு உரியது, வெளியாருக்கு நேரும் சேதத்தை ஈடுகட்டும் சாதாரணப் பொதுப் பொறுப்புக் காப்பீடு. 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலிசி அபாயகரமான ரசாயனம் கையாளும் இடங்களுக்கானது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ஷெட்டில் வைக்கும் இயந்திரங்களுக்கு எடுக்கும் தீ விபத்து பாலிசியில் வெள்ளம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த பாலிசி எழுதிய முகவரிக்கு மட்டுமே. வேலை இடத்தில் திருடுபோனால் செல்லாது.

சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிந்த வேனில் கூலிக்குச் சரக்கு ஏற்றினாலும், குட்டி யானையின் பின்னால் ஆட்களை அடைத்து ஏற்றினாலும் விபத்தில் க்ளெய்ம் சிக்கலாகும்.

உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. தொழில் குறியீடாக, தோட்டம், புல்தரைப் பராமரிப்புக்கான 81300-ஐத் தேர்ந்தெடுங்கள். செடி விற்பனை என்று வணிகத்தில் பதிந்தால் சேவை ஒப்பந்தங்களில் சலுகை கிடைக்காது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

வாய்ப்பேச்சில் வேலை எடுக்கவேண்டாம். மாதம் எத்தனை வெட்டு, மண்ணுக்குள் ஓடும் குழாயும் ஒயரும் எங்கே, உடைந்தால் யார் பொறுப்பு, பணம் எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் நிறுவனம் பணம் தரவேண்டும். தாமதித்தால் வட்டி கேட்கலாம்.