கழிமுகத்து நீர்மட்டமும் காற்றும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் காலை 9 மணிக்குத் தாழ் ஓதம் என்று போட்டிருக்கும். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக்கு நேரில் போய்ப் பார்த்தால், இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர் படித்துறையின் மேல்படியிலேயே தளும்பிக்கொண்டு நிற்கும். உடனே அட்டவணை தப்பு என்று தூக்கிப் போடுவதுதான் முதல் தவறு. அது நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. இன்றைக்கு எந்தக் காற்று அடிக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓதம் பெரும்பாலும் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போகும். காற்று கொண்டுவரும் ஏற்றமோ இரண்டு நாள், ஐந்து நாள் என்று உட்கார்ந்துகொள்ளும்.

சரி, காற்றையும் பார்ப்போம் என்று கிளம்புகிறவர்கள் செய்வது இதைவிடப் பெரிய தவறு: கழிமுகத்துக்கு மேலே அடிக்கிற காற்றை மட்டும் பார்ப்பது. உள்ளே இலைகூட அசையாத நாளில் நீர்மட்டம் ஏறலாம், ஏனென்றால் வேலையைச் செய்வது வெளியே, கரையை ஒட்டி நீளவாக்கில் வீசும் காற்று. பூமி சுழல்வதால் காற்று தள்ளும் நீர் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகும். 1890களில் ஆர்க்டிக்கில் பனிப்பாளங்கள் காற்றுக்கு வலப்பக்கமாக நகர்வதை நார்வே ஆய்வுப் பயணி நான்சென் கவனித்தார், சுவீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வட அரைக்கோளத்தில், கிழக்கே கடல் இருக்கும் ஒரு கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று முதுகில் படும்படி தெற்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் கரை. நீர் அங்கே வந்து குவிந்து, முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும். தெற்கிலிருந்து இரண்டு நாள் அடித்தால் அதே கழிமுகம் வடியும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இரண்டுமே நடக்கிறது.

திசையிலும் குழம்புவார்கள். காற்றுக்கு வருகிற திசையைச் சொல்வோம், நீரோட்டத்துக்குப் போகிற திசையை. இதை மறந்து இரண்டையும் ஒரே படத்தில் வரைந்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்க முழித்திருக்கிறேன்.

அதற்காக உள்ளே அடிக்கும் காற்று சும்மா இல்லை. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆழம் குறையக் குறைய நீர்மட்டம் அதிகம் சாயும். 100 கி.மீ. நீளம், 5 மீட்டர் ஆழம், நீளவாக்கில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் இரு முனைக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. வித்தியாசம் வரும். புயல் என்றாலே தண்ணீர் ஏறும் என்றும் நினைக்காதீர்கள். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி நெருங்கியபோது காற்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள தாம்பா விரிகுடாவின் நீரை வெளியே தள்ளியது, வெறிச்சென்று கிடந்த தரையில் ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். காற்று திரும்பினால் நீரும் திரும்பும், அதில் இறங்குவது மடத்தனம்.

மேலே மிதக்கும் குப்பை போகிற பக்கமே எல்லா நீரும் போகிறது என்று நம்பிவிடவும் கூடாது. ஆழமில்லாத ஓரங்களில் நீர் காற்றோடு போகும்போது, நடுவிலுள்ள ஆழ்ந்த வாய்க்காலில் காற்றை எதிர்த்துப் போகும்.

அப்புறம், வெளியேறிய நீரெல்லாம் போய்த் தொலைந்தது என்று கணக்கெழுதுவது. 1,000 சதுர கி.மீ. பரப்பில் 30 செ.மீ. இறங்கினால் 30 கோடி கன மீட்டர், பெரிய எண்தான். ஆனால் அது முகத்துவாரத்துக்கு வெளியிலேயே தங்கியிருந்தால், காற்று மாறியதும் அதே கலங்கல் நீர்தான் உள்ளே வரும். கரையோர நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போயிருந்தால் மட்டுமே புது நீர்.