மாசி வெயிலை நம்பிச் செய்யும் தவறுகள்

வேம்பு பழுப்பைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத் தளிர் விடுகிறது. மாம்பூ பிஞ்சாகிறது. கிளுவை வேலி மொட்டையாக நிற்க, குயில் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பனிக்காலம் விடைபெறுவதற்கு இவைதான் அடையாளம். இதைக் கவனிக்கத் தவறுகிறவர்கள் குறைவு. கவனித்த கையோடு கோடை வந்துவிட்டதாக முடிவு கட்டுவதில்தான் வினை. மாசியில் உச்சிப்பொழுது சித்திரை மாதிரி காயும், விடியக்காலை மார்கழி மாதிரி நடுக்கும். ஆடு மாடு விஷயத்தில் நடக்கும் பிசகு பலவும் பாதி நாளை மட்டும் பார்த்துச் செய்தவை.

முதல் காரியமாகப் பட்டியில் கட்டிய சாக்கைப் பிரித்துவிடுவார்கள். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. பிறந்து சில நாளான குட்டிக்கு விடியற்காலைக் காற்று பட்டால் சளி பிடித்து, பால் குடிப்பதை நிறுத்திவிடும். இதற்குப் பயந்து நாலு பக்கமும் மூச்சுமுட்ட அடைப்பதும் தப்புதான். மூத்திர நெடி உள்ளேயே நின்று குட்டியின் நெஞ்சைக் கெடுக்கும். குட்டி படுக்கும் உயரத்துக்குக் காற்றை மறையுங்கள், மேலே திறந்து விடுங்கள். அப்புறம், வெயில் ஏறுமுன் மேய்த்துவிடலாம் என்று பனி காயாத புல்லில் பட்டியைத் திறக்க வேண்டாம். குடற்புழுவின் குஞ்சுகள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல் நுனிவரை ஏறியிருக்கும் நேரம் அது.

இந்தப் பருவத்தில் உயிரையே வாங்கக்கூடிய தவறு சோளக்காட்டில் இருக்கிறது. தட்டு அறுத்த கட்டையில் ஒரு திடீர் மழையோ வாய்க்கால் கசிவோ பட்டால் போதும், ஒரு வாரத்தில் மறுதழைவு பச்சைப்பசேலென்று வந்துவிடும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அது ஒன்றுதான் பச்சை. 'நம்ம சோளம்தானே, இத்தனை நாள் தின்ன மாடுதானே' என்று கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். இளந்தழைவில், அதுவும் தண்ணீரில்லாமல் வாடிய தழைவில், வயிற்றுக்குள் போனதும் சயனைடு நஞ்சாக மாறும் சத்து நிறைய இருக்கும். தின்ற சில நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், கால் தடுமாறிச் சாய்ந்துவிடும். ஈறைப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்கும். மாட்டுக்கு மட்டுமல்ல, வேலி தாண்டிப் போகும் வெள்ளாட்டுக்கும் இதே கதிதான்.

மூச்சுக்குத் திணறும் மாட்டின் வாயில் எண்ணெயோ கரைசலோ ஊற்றுவது அடுத்த தவறு. அது நுரையீரலுக்குள் போய்விடும். முறிவு மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவர் நேரத்துக்கு வந்து நரம்பில் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. ஆகவே போன் போடுவதுதான் முதல் வைத்தியம். தழைவு பூட்டை வாங்கும்வரை, அதாவது கதிர் விடும்வரை, அந்தக் காட்டுப் பக்கம் எதையும் விடாதீர்கள். அவசரமென்றால் அறுத்து நன்றாக வெயிலில் காயவைத்துப் போடலாம், காயக் காய நஞ்சு குறையும்.

கோழிக்கு வருவோம். வெயில் ஏற ஏற வெள்ளைக்கழிச்சல் ஊரைச் சுற்றும். அதற்காகவே கால்நடைத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இரண்டு கோழி தலையைத் தொங்கப்போட்ட பிறகு ஊசிக்கு ஓடுவதில் பலனில்லை. ஊசி போட்டாலும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வரச் சில நாள் ஆகும், நோய் அதுவரை காத்திருக்காது. மருந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் வந்தால் உயிருள்ள அந்த மருந்து வீணாகிவிடும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும்.

அடை வைக்கும் முட்டையிலும் இதே அலட்சியம். தகரக் கூரைக்கடியில் பத்துப் பதினைந்து நாள் சேர்த்துவைத்த முட்டையை வைத்துவிட்டு, இருபத்தொரு நாள் கழித்துக் கூமுட்டைக்குக் கோழியைத் திட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். சேர்க்கும் முட்டையை ஈர மணல் பரப்பிய மண்சட்டியில் நிழலில் வையுங்கள்.

உண்ணியும் இப்போதுதான் பெருக ஆரம்பிக்கும். மாட்டின் மேல் மட்டும் மருந்தடித்தால் பாதி வேலைதான். ரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து கட்டுத்தரை விரிசலிலும் சுவர் இடுக்கிலும்தான் முட்டையிடும். அங்கேயும் அடியுங்கள். சீக்கிரம் சாகட்டுமென்று மருந்தைக் கெட்டியாகக் கலக்காதீர்கள், மாட்டுக்கு ஏறிவிடும்.

கடைசியாகச் சினைப் பருவம். வெயில் முற்றினால் மாடு, அதிலும் எருமை, பருவத்துக்கு வந்ததே தெரியாமல் போய்விடும். கத்தாது, அறையிலிருந்து ஒழுகும் கண்ணாடி போன்ற வழும்பு மட்டும் லேசாகத் தெரியும். பகலில் பார்த்துவிட்டு 'இன்னும் வரவில்லை' என்று விட்டுவிடாமல், குளிர்ச்சியான விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலையே சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. பங்குனி வெயில் வருமுன் ஓரிரண்டு சுற்று இப்படிக் கவனிக்க நேரம் இருக்கிறது.