எந்தப் பன்னீர்செல்வம்? ஒரே பெயருடைய அரசியலாளரையும் வழக்கறிஞரையும் பிரித்தறியும் முறை

பழைய நாளிதழிலோ தீர்ப்பு நகலிலோ "பன்னீர்செல்வம்" என்று மட்டும் கண்டால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1930களின் சென்னை மாகாண அரசியல் செய்தியென்றால், பாரிஸ்டரும் நீதிக்கட்சித் தலைவருமான சர் ஏ.டி. பன்னீர்செல்வத்தை முதலில் நினைக்க வேண்டும்; 1940 மார்ச்சில் ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமற்போன ஹானிபல் விமானத்தில் அவர் சென்றதால், அதற்குப் பிந்தைய நிகழ்வு எதையும் அவர் கணக்கில் எழுத இயலாது. 2001-இல் முதலமைச்சரானவர் ஓ. பன்னீர்செல்வம், 2021-இல் வேளாண்மைத் துறை அமைச்சரானவர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம்.

அடுத்தது தலைப்பெழுத்து, பலரும் சறுக்குவது இங்கேதான். தங்கவேல், திருமலை ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் T, தேவராஜனின் பிள்ளைக்கு D. அவற்றைத் தமிழுக்குத் திருப்பும்போது மூவரும் "டி" ஆகிவிடுகிறார்கள். ஆகவே தலைப்பெழுத்தை விரித்து, தந்தையின் முழுப்பெயரைக் கண்டறியாமல் நகரக் கூடாது.

தலைப்பெழுத்தும் பெயரும் ஒன்றாகவே இருந்தால்? 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் அதுவே நடந்தது. ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தனர். கட்சி வேட்பாளர்களுக்குப் பிறகு சுயேச்சைகளை அகர வரிசையில் அடுக்குவதால், ஒரே பெயர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் அருகருகே வந்து விழுகின்றன. சின்னமும், 2015 முதல் அச்சிடப்படும் ஒளிப்படமுமே வாக்காளருக்குத் துணை. எழுத்தறியாத முதியவருக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

வேட்பாளரை உறுதிசெய்ய, வேட்புமனுவுடன் தரப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, தொழில், நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். வழக்கறிஞரென்றால் பார் கவுன்சில் பதிவு எண்ணையும் பதிவான ஆண்டையும் கேளுங்கள். ஒரே நீதிமன்றத்தில் ஒரே பெயரில் இருவர் தொழில் செய்தாலும் அந்த எண் ஒன்றாகாது.

குற்ற வழக்குச் செய்தியில் மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை. தந்தை பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தாதவரை, அந்த வழக்கை எந்த அரசியலாளரின் பெயரோடும் சேர்க்காமல், "அடையாளம் உறுதியாகவில்லை" என்று குறித்து வையுங்கள்.