ஜிம்னாஸ்டிக்ஸ் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

ஒலிம்பிக் நடக்கும் அந்த இரண்டு வாரம் எல்லோரும் ஜிம்னாஸ்டிக்ஸ் பேசுவோம், அப்புறம் நான்கு வருடத்துக்கு அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் அதே தவறான செய்திகள், அதே தவறான கோபங்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டால் இதில் பாதியைத் தவிர்த்துவிடலாம், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோர். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கேட்லின் ஒஹாஷி ஃப்ளோரில் (தரையில் இசைக்கு ஆடும் பிரிவு) முழு 10 வாங்கிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் வந்தது. பார்த்த பலரும் கேட்ட கேள்வி, "இவரை ஏன் ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை? சிமோன் பைல்ஸே 15தானே வாங்குகிறார், இவர் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாரே?" இரண்டும் வேறு வேறு கணக்கு. சர்வதேசப் போட்டிகளில் 2006 முதல் 'பத்துக்குப் பத்து' என்பதே கிடையாது. அங்கே டி ஸ்கோர் என்று ஒன்று, செய்யும் வித்தைகள் எவ்வளவு கடினம் என்பதற்கு, அதற்கு உச்சவரம்பு இல்லை. ஈ ஸ்கோர் என்று இன்னொன்று, எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்கு, அது 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நாம் பார்க்கும் எண். அமெரிக்கப் பெண்கள் கல்லூரிப் போட்டிகளில் பழைய 10 இன்னும் இருக்கிறது; தேவையான அளவு கடினம் காட்டிவிட்டால் 10இல் தொடங்கலாம், அதற்கு மேல் எவ்வளவு கடினமாகச் செய்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. கீழே விழுந்தால் சர்வதேசத்தில் 1.0 போகும், கல்லூரியில் 0.5தான். டெஸ்ட் ஸ்கோரையும் டி20 ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து யார் பெரிய ஆள் என்று கேட்பது மாதிரிதான் இது.

ஒஹாஷியை யாரும் ஒதுக்கவும் இல்லை. 2013இல் அமெரிக்கன் கப் போட்டியில் சிமோன் பைல்ஸை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றவர் அவர். தோளிலும் முதுகிலும் காயங்கள் வந்து, சர்வதேசப் போட்டிகளை விட்டு, கல்லூரிக்குப் போய் அங்கே மறுபடி மலர்ந்தார். அந்த 10ஐ அநீதிக் கதையாக மாற்றுகிறவர்கள் இந்த நல்ல கதையைத் தவறவிடுகிறார்கள்.

வருடம் தாண்டி ஒப்பிடுவதும் இதே வகைத் தவறுதான். ஒவ்வொரு ஒலிம்பிக் சுழற்சிக்கும் விதிப்புத்தகம் திருத்தப்படுகிறது, வித்தைகளின் மதிப்பு மாறுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 7.0 மதிப்பு இருந்த புரொடுனோவா வால்ட்டின் (ஓடிவந்து மேசையில் கையூன்றி எழும்பி, காற்றில் இரண்டு முறை முன்பக்கமாகச் சுழன்று இறங்கும் வித்தை) மதிப்பு அதற்குப் பிறகு குறைக்கப்பட்டது. எனவே 2016 ஸ்கோரையும் 2024 ஸ்கோரையும் வைத்து யார் தரம் கூடியது என்று சொல்ல முடியாது.

புரொடுனோவா என்றதும் நமக்கு தீபா கர்மாகர்தான் நினைவுக்கு வருவார், வரவும் வேண்டும். ரியோ வால்ட் இறுதியில் நான்காம் இடம், 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டெய்ன்குரூபர் 15.216. வித்தியாசம் 0.150. அன்றிலிருந்து இன்றுவரை "ஒரு சின்னத் தடுமாற்றத்தில் பதக்கம் போச்சு" என்று எழுதுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். வால்ட் இறுதியில் ஒவ்வொருவரும் இரண்டு வால்ட் செய்ய வேண்டும், இரண்டின் சராசரிதான் ஸ்கோர். தீபாவின் முதல் வால்ட் 14.866, இரண்டாவதாகச் செய்த புரொடுனோவா 15.266. சராசரியில் 0.15 ஏற வேண்டுமானால் இரண்டு வால்ட்டும் சேர்ந்து 0.3 கூடியிருக்க வேண்டும், தாண்டிப் போக அதற்கும் மேலே. பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது உண்மை. ஆனால் ஏதோ ஒரு கணக் கவனக்குறைவில் அவர் அதைக் கோட்டைவிட்டார் என்பது பொய். அகர்தலாவிலிருந்து போய், பிஷ்வேஷ்வர் நந்தியிடம் பயிற்சி பெற்று, ஒலிம்பிக்கில் கால்பதித்த முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் உலகில் நான்காவது. இதை "தோல்வி" என்ற தலைப்பில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதேபோல 'மரண வால்ட்' என்ற பட்டத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு, அதைப் பாதுகாப்பாகச் செய்ய எடுத்த வருடக்கணக்கான உழைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத செய்திகளும் நிறைய.

சரி, அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு வருவோம். 'கல்லூரியில் சேர்ந்துவிட்டார், அவ்வளவுதான், முடிந்தது' என்று எழுதுவது பத்து வருடம் முன்பு ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். அப்போது விளம்பரப் பணமோ பரிசுப் பணமோ வாங்கினால் கல்லூரி அணியில் ஆட முடியாது. 2015இல் சிமோன் பைல்ஸ் யூசிஎல்ஏவை விட்டுக்கொடுத்தது அதனால்தான். 2021 ஜூலையில் அந்த விதி தளர்ந்தது, வீராங்கனைகள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதித்துக்கொண்டே கல்லூரிக்கும் ஆடலாம் என்று ஆனது. டோக்கியோவில் ஆல்ரவுண்ட் (எல்லாப் பிரிவுகளின் ஸ்கோரும் சேரும் போட்டி) தங்கம் வென்ற அமெரிக்காவின் சுனி லீ ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார், சிறுநீரக நோயோடு போராடினார், திரும்பி வந்து பாரிஸில் ஆல்ரவுண்ட் வெண்கலம் வாங்கினார். ஜேட் கேரி ஆரிகன் ஸ்டேட், ஜோர்டன் சைல்ஸ் யூசிஎல்ஏ. பாரிஸில் தங்கம் வென்ற ஐந்து பேர் அணியில் இந்த மூன்று பேரும் கல்லூரிக்கு ஆடியவர்கள்.

கல்லூரி சீசன் ஸ்கோரைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் செய்வார்கள், சிறந்த ஐந்து ஸ்கோர் சேரும், நான்கு பிரிவும் சேர்த்து அதிகபட்சம் 200. 198 வந்தால் பிரமாதம். ஆனால் சொந்த அரங்கில் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே நடுவர்கள் தாராளமாகிவிடுகிறார்கள் என்பது பழைய புகார். தரவரிசைக் கணக்கிலேயே இதற்கு ஒரு கடிவாளம் உண்டு: சிறந்த ஆறு ஸ்கோரில் குறைந்தது மூன்று வெளியூரில் எடுத்ததாக இருக்க வேண்டும், அந்த ஆறில் உச்சமானதைத் தூக்கிவிட்டு மீதி ஐந்துக்குச் சராசரி. ஜனவரியில் வந்த ஒரு பெரிய ஸ்கோரை வைத்து ஏப்ரல் சாம்பியனைச் சொல்லாதீர்கள். 2022, 2023 இரண்டு வருடமும் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வென்ற ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2024இல் அரையிறுதியிலேயே வால்ட்டில் சறுக்கி வெளியேறியது, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த வருடம் எல்எஸ்யூ அரையிறுதியில் வெளியேறியது, ஓக்லஹோமா மறுபடி சாம்பியன்.

அடுத்தது மனதை மிகவும் வருத்துவது. பாரிஸ் ஃப்ளோர் இறுதி, 2024 ஆகஸ்ட் 5. ருமேனியாவின் அனா பர்போசு 13.700 எடுத்து மூன்றாவது இடம், கொடியோடு கொண்டாடிக்கொண்டிருக்கிறார். கடைசியாக ஆடிய ஜோர்டன் சைல்ஸ் முதலில் 13.666. ஒரு வித்தைக்குரிய மதிப்பு தரப்படவில்லை என்று அவருடைய கோச் முறையிட, 0.1 ஏறி 13.766 ஆகிறது, வெண்கலம் அவருக்கு. ஐந்து நாள் கழித்து விளையாட்டுத் தீர்ப்பாயம், முறையீடு செய்ய இருந்த ஒரு நிமிடத்துக்கு 4 விநாடி தாமதமாக வந்தது என்று சொல்லி 13.666ஐத் திரும்பக் கொண்டுவந்தது, பதக்கம் பர்போசுவுக்குப் போனது. அமெரிக்கத் தரப்பு, 47ஆவது விநாடியிலேயே முறையிட்டதற்கு வீடியோ இருக்கிறது என்றது. சைல்ஸ் சுவிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

இதில் எழுதப்பட்ட தவறுகளுக்குக் கணக்கே இல்லை. சைல்ஸ் ஏமாற்றினார் என்றார்கள். முறையிட்டவர் கோச், கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவர்கள் அதிகாரிகள், ஆடியவர் மேல் என்ன குற்றம்? அந்த 0.1 தவறாகத் தரப்பட்டது என்று தீர்ப்பாயம் சொன்னதாக எழுதினார்கள். தீர்ப்பு நேரத்தைப் பற்றியது மட்டும்தான். பர்போசு பதக்கத்தைப் பறித்தார் என்றார்கள். அவர் எதையும் பறிக்கவில்லை. இன்னொரு ருமேனியப் பெண் சப்ரினா மனேகா வொய்னியாவும் அதே 13.700 எடுத்திருந்தார், ஈ ஸ்கோர் குறைவு என்பதால் பின்தங்கினார், எல்லைக் கோட்டைத் தாண்டியதாக 0.1 வெட்டப்பட்டதில் அவருக்கும் நியாயமான வருத்தம் இருந்தது. பெரும்பாலான செய்திகளில் அவர் பெயரே இல்லை. மூன்று இளம் பெண்களையும் நடுவில் நிறுத்திவிட்டு, நிர்வாகம் செய்த குளறுபடிக்கு அவர்களைத் திட்டியதும், சைல்ஸ் மேல் நிறவெறியைக் கொட்டியதும் மன்னிக்க முடியாதது. முறையீட்டுச் சண்டை வந்தால் யார் எந்த விதியின் கீழ் என்ன முடிவு எடுத்தார்கள் என்று முதலில் படியுங்கள், கருத்து அப்புறம் சொல்லலாம்.

விலகினால் கோழை என்பதும் அப்படித்தான். டோக்கியோவில் பைல்ஸ் வால்ட்டில் இரண்டரை ட்விஸ்ட் (காற்றில் உடலைத் திருகிச் சுற்றுவது) செய்ய வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு வெளியே வந்தார், காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த நிலையில் தொடர்ந்தால் கழுத்தில் இறங்கக்கூடும், அதனால் விலகினார். சில நாள் கழித்து பீமுக்கு (ஒடுக்கமான உத்தரத்தின் மேல் செய்யும் பிரிவு) திரும்பியபோது முடிவில் ட்விஸ்ட் இல்லாத இறக்கமாக மாற்றிக்கொண்டு வெண்கலம் வாங்கினார். அவரை 1996 அட்லாண்டாவின் கெர்ரி ஸ்ட்ரக்கோடு ஒப்பிட்டு, 'அந்தக் காலத்தில் காலொடிந்தும் குதித்தார்கள்' என்றார்கள். ஸ்ட்ரக் முதல் வால்ட்டில் விழுந்து கணுக்காலில் அடிபட்ட பிறகு இரண்டாவதைச் செய்தார், உண்மை. ஆனால் அமெரிக்கா ரஷ்யாவை வென்றது 0.821இல், அவருடைய இரண்டு வால்ட்டுக்கும் வித்தியாசம் 0.55. அந்த இரண்டாவது வால்ட் இல்லாமலே தங்கம் வந்திருக்கும். அந்த நிமிடத்தில் அது அவருக்குத் தெரிய வழியில்லை, ரஷ்யர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காயத்தால் அவர் ஆல்ரவுண்ட் இறுதியையும் இழந்தார். இந்தப் பாதியை விட்டுவிட்டு அதை வீரக்கதையாக மட்டும் சொன்னால், அடிபட்ட சிறுமியைக் குதிக்கச் சொல்லும் கோச்சுக்குத்தான் நாம் துணை நிற்கிறோம்.

வேகமாக இன்னும் இரண்டு. தகுதிச்சுற்றில் நான்காவதாக வந்தவர் இறுதியில் இல்லையென்றால் சதி என்று கிளம்பாதீர்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் என்பது விதி. பாரிஸில் ஆல்ரவுண்ட் தகுதிச்சுற்றில் நான்காவதாக வந்த சைல்ஸ், முன்னால் பைல்ஸும் லீயும் இருந்ததால் வெளியே உட்கார்ந்தார். விதி சரியா என்று வாதாடலாம், நானும் அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, 20 வயதைத் தாண்டிவிட்டால் 'வயதான' என்று போடுவது. பைல்ஸ் பாரிஸில் ஆல்ரவுண்ட் தங்கம் வென்றது 27 வயதில். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா 1992 முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறார், டோக்கியோவில் அவருக்கு வயது 46.