பாரிஸுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

விமான டிக்கெட் போடுவதற்கு நாள், நட்சத்திரம் பார்க்கிறவர்கள்கூட, பாரிஸில் எந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்று பார்ப்பதில்லை. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்களன்று மூடல். லூவ்ர் பூட்டியிருக்கிறதே என்று செவ்வாயன்று எல்லோரும் வெர்சாய்க்குக் கிளம்புவதால் அங்கே கூட்டம் நெரியும். புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு 9 மணிவரை திறந்திருக்கும். பிள்ளைகளை மத்தியானம் தூங்கவைத்துவிட்டுச் சாயங்காலம் போகலாம். நவீன ஓவியங்கள் உள்ள பொம்பிடு மையத்தைப் பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பெரிய சீரமைப்புக்காக 2025இல் மூடிவிட்டார்கள், 2030 வரை திறக்காது.

லூவ்ருக்குள் மோனாலிசாவை மட்டும் குறிவைத்து ஓடுவது எனக்குப் பிடிக்காத இன்னொரு தவறு. அந்த அறையில் சின்னப் பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகும், தலைக்குமேல் தூக்கிய செல்போன்களும்தான். அதே கட்டடத்தில் எகிப்தியப் பகுதி இருக்கிறது. கீழ்த்தளத்தில், லூவ்ர் கோட்டையாக இருந்த காலத்து அகழிச் சுவர்கள் அப்படியே நிற்கின்றன. பிள்ளைகளுக்கு அது போதும், இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆனால் இலவசம்தானே என்று விட்டுவிடாமல், அவர்களுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள்.

நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் காசு கிடையாது; முன்பதிவும் இலவசம். நுழைவுச்சீட்டு என்று சொல்லி யாராவது யூரோ கேட்டால் அது ஏமாற்று வேலை. கோபுரம் ஏறுவதற்கு மட்டும் தனிக் கட்டணம்.

ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே இணையத்தில் வந்துவிடும், கோடையில் சீக்கிரம் தீர்ந்தும் போகும். கிடைக்காவிட்டால் படியேறலாம்: இரண்டாம் தளம்வரை 674 படிகள். தாத்தா பாட்டி கூட வந்தால் அந்த யோசனையே வேண்டாம்.

கோபுரம் மின்னுவதைப் பார்ப்பதில்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். இருட்டிய பிறகு மணிக்கொரு முறை, ஐந்து நிமிடம் மினுமினுக்கும். ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும். நன்றாக இருட்ட பதினொன்று நெருங்கும். சென்னையில் அப்போது அதிகாலை இரண்டரை. நேற்று வந்திறங்கிய ஆறு வயதுப் பிள்ளை தோளில் தூங்கிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படி இறங்குவது உங்கள் பாடு. இதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் டிசம்பரில் போங்கள். ஆறு மணிக்கெல்லாம் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம்.

மெட்ரோ படி என்றதும் நினைவுக்கு வருகிறது: லிஃப்ட் வசதி முழுமையாக இருப்பது 14ஆம் தடத்தில் மட்டும்தான். தள்ளுவண்டியும் முழங்கால் வலியும் உள்ள குடும்பத்துக்கு பஸ்தான் வசதி, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். பஸ், மெட்ரோ இரண்டுக்கும் செல்லும் நவிகோ வாரப் பாஸ் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடியும். வியாழனன்று இறங்கி அதை வாங்கினால் நான்கு நாளுக்கு ஏழு நாள் காசு. ஒரே கார்டை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டவும் முடியாது, பரிசோதகர் வந்தால் அபராதம்தான். நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை.

ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ரயில்தான் மலிவு என்பது தனியாகப் போகிறவருக்குச் சரி. 2025 கட்டணப்படி ரயிலில் தலைக்கு 13 யூரோ, நான்கு பெரியவர்களுக்கு 52. டாக்ஸிக்கு நகரில் சேன் ஆற்றின் வடபக்கமான வலது கரைவரை நிர்ணயித்த கட்டணம் 56. நான்கு பெட்டியோடு நான்கு யூரோவை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. வெளியே வரும்போதே ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று காதருகே வருகிறவர்களை விட்டுவிட்டு, அதிகாரபூர்வ வரிசையில் நில்லுங்கள்.

அப்படியே லண்டனுக்கும் ஒரு எட்டு போய்வரலாம் என்று நினைத்தால், இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரான்ஸுக்காக வாங்கிய ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரிட்டன் விசா தனி.

சாப்பாட்டு நேரமும் நம் ஊர் மாதிரி கிடையாது. பல உணவகங்களில் இரண்டு, இரண்டரையோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழுக்குப் பிறகுதான். நாலு மணிப் பசிக்கு ரொட்டிக்கடையில் ஏதாவது வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஷூர்’ (வணக்கம்) சொல்லுங்கள், சொல்லாமல் நேராகக் கேட்டால் முகம் சுருங்கும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாகத் தருவார்கள். சைவக்காரர்கள் ரெடிமேட் உப்புமாவால் பெட்டியை நிரப்பத் தேவையில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தோசை கிடைக்கும். முதல் நாளே கூட்டிப்போகாதீர்கள். அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் அங்கேயே போகலாம் என்பார்கள்.