விளக்கெண்ணெயில் விழும் சைக்கிள் பால்ஸ்

தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், மாடி அறையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாகுநிலைப் பாடம் (திரவம் தனக்குள் நகரும் பொருளைத் தடுக்கும் குணம்) வந்து, எண்ணெயில் விழும் குண்டு ஒரு கட்டத்துக்குப் பின் ஒரே வேகத்தில் இறங்கும் என்று சொன்னால், யாராவது கேட்டுவிடுவார்கள்: "டீச்சர், மேல் விசையும் கீழ் விசையும் சரிக்குச் சரியாயிட்டா குண்டு நடுவிலேயே நின்னுடணுமே?" பலகையில் எழுதி இதை நான் ஒருவருக்கும் புரியவைத்ததில்லை. பாட்டிலில் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

விளக்கெண்ணெய் ஒரு லிட்டர் வாங்குங்கள். மடிப்பு விழாத, வழவழப்பான தண்ணீர் பாட்டில் ஒன்று. சைக்கிள் கடையில் ஃப்ரீவீலுக்குள் போடும் 1/8 அங்குல பால்ஸ், அதாவது எஃகுக் குண்டுகள், கேளுங்கள். அச்சில் போடும் பெரிய பால்ஸ் வேண்டாம், எண்ணுவதற்குள் அடியில் போய்விடும்.

எண்ணெய் மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே ஒரு கோடு, பிறகு 5 செ.மீ.க்கு ஒன்றாக மூன்று கோடு. குண்டை முதலில் எண்ணெயில் முக்கி எடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். சாமணத்தால் பிடித்து, எண்ணெய்க்குள்ளேயே, பாட்டிலின் நடுவில் விடுங்கள். சுவரோரம் போனால் வேகம் குறையும்.

ஸ்டாப்வாட்ச் இதற்கு உதவாது, கை தாமதிக்கும். போனில் வீடியோ எடுத்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 ஃபிரேமில் எங்களுக்கு 21, 22, 21 வந்தது. அதாவது நொடிக்கு சுமார் 7 செ.மீ., மேலேயும் அதே, கீழேயும் அதே.

இப்போது அந்தக் கேள்விக்கு வாருங்கள். குண்டின் எடையை 100 பங்கு என்று வையுங்கள். எஃகைவிட எண்ணெய் எட்டு மடங்கு லேசு, அதனால் எண்ணெய் மேலே தள்ளும் மிதப்பு விசை 12 பங்குதான். மீதி 88 பங்கைத் தடுக்க வேண்டியது எண்ணெயின் இழுவை. ஆனால் அந்த இழுவை குண்டு நகர்ந்தால்தான் பிறக்கும், வேகம் கூடக் கூட வளரும். 1851-ல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் எழுதிய சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது. விட்டதும் வேகம் ஏறுகிறது, அரை சென்டிமீட்டருக்குள் இழுவை 88-ஐத் தொட்டுவிடுகிறது. அதன்பின் வேகம் கூடவும் வழியில்லை, குறையவும் வழியில்லை. அதுதான் முற்றுத் திசைவேகம். குண்டு நின்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்: இழுவை அந்தக் கணமே பூஜ்யம், 88 பங்கும் மறுபடி கீழே இழுக்கும். எப்படி நிற்கும்? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருங்கள்.

நேரமிருந்தால் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். எண்ணெய் இளகி ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். அதனால் ஒப்பிடும் அளவுகளை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் எடுத்துவிடுங்கள்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வெளியிலிருந்து சுவரோடு மேலே இழுத்தால் பால்ஸ் கூடவே ஏறி வரும், எண்ணெயைக் கொட்ட வேண்டியதில்லை.