சிர்கோனியம்-89 ஆன்டிபாடியில் ஏறாதபோது

ஸ்கேனில் பின்தொடர ஆன்டிபாடியில் (நோய் எதிர்ப்புப் புரதம்) கதிரியக்க உலோகமான சிர்கோனியம்-89ஐ ஏற்றும் லேபிளிங் பாதியிலேயே நின்றால் முதலில் இரும்பைச் சந்தேகப்படுங்கள். சிர்கோனியத்தை ஆன்டிபாடியோடு இணைக்கும் டிஎஃப்ஓ (டெஸ்ஃபெரியாக்சமின்) அடிப்படையில் இரும்பைப் பிடிக்கும் மூலக்கூறு. பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) துளி இரும்பு இருந்தாலும் சிர்கோனியத்துக்கு இடமில்லை. எனக்குக் கைகொடுத்தது, எல்லா பஃபரையும் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் ரெசினில் ஓட்டி, உலோகக் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக்குக்கு மாறியதுதான்.

அடுத்து பிஎச். ஐசோதயோசயனேட் என்ற பிணைப்பு முனையுள்ள டிஎஃப்ஓ ஆன்டிபாடியின் லைசினில் (ஓர் அமினோ அமிலம்) ஒழுங்காகப் பிணைய பிஎச் 9 வேண்டும். ஆன்டிபாடியைப் போல் மூன்று மடங்கு மோல் டிஎஃப்ஓ எடுத்து டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் புரதம் திரண்டுவிடும். 37 டிகிரி, 30 நிமிடம்.

பிறகு சிர்கோனியத்தை ஏற்றும் லேபிளிங்கின்போது பிஎச் 7 போதும். சிர்கோனியம் உள்ள ஆக்சலேட் கரைசலில் 2 மோலார் சோடியம் கார்பனேட் விட்டு, நுரை அடங்கியபின் ஹெப்பீஸ் பஃபரைச் சேருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எலியின் எலும்பு ஸ்கேனில் ஒளிர்ந்தால், அதாவது சிர்கோனியம் கழன்று எலும்பில் சேர்ந்தால், குறை டிஎஃப்ஓவிடம்தான்: உலோகத்தைப் பிடிக்க அதற்கு ஆறு பிடி (பிணைப்பு இடம்), சிர்கோனியம் கேட்பது எட்டு. எட்டுப் பிடியுள்ள டிஎஃப்ஓ-ஸ்டாருக்கு மாறுங்கள்.